பனோரமா சரியாக ஒட்டவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல படங்களை வரிசையாக எடுத்து, கணினியில் ஒரே அகலப் படமாகச் சேர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. மென்பொருள் பெயர் சொல்ல வேண்டிய இடங்களில் பெரும்பாலும் ஹூகினைச் சொல்லியிருக்கிறேன். அது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், எல்லாவற்றையும்விட, எங்கே எவ்வளவு பிழை என்று எண்ணாகவே காட்டும். பிடிகுயி என்ற மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பதில்கள் பொருந்தும். இரண்டுமே ஜெர்மனியில் ஹெல்முட் டெர்ஷ் 1998 வாக்கில் எழுதிய பனோரமா டூல்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பின் மேல் வளர்ந்தவை.

ஒட்டிய படத்தில் ஏதோ தப்பாகத் தெரிகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

படத்தை 100% பெரிதாக்கி இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எது உடைந்திருக்கிறது என்பதுதான் முதல் துப்பு. தூரத்துக் கட்டடம் சரியாக இருந்து, கிட்டே உள்ள தூணோ கைப்பிடிக் கம்பியோ மட்டும் உடைந்திருந்தால், கேமரா தவறான அச்சில் சுழன்றிருக்கிறது. தூரத்தில் இருப்பதும் சேர்ந்தே உடைந்திருந்தால், கன்ட்ரோல் பாயின்ட்டிலோ (இரண்டு படத்திலும் ஒரே இடத்தைக் காட்டும் புள்ளி) லென்ஸ் விவரத்திலோ கோளாறு. உருவங்கள் சரியாகப் பொருந்தி வெளிச்சம் மட்டும் மாறினால், அது எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு) சம்பந்தப்பட்டது. ஒரு ஆள் பாதியாக நின்றால், அவர் நடந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதைப் பார்க்காமல் "அலைன்" பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் ஒன்றும் ஆகாது. பிழையை மென்பொருள் இல்லாமல் ஆக்குவதில்லை. இருக்கிற பிழையை எல்லாப் படங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. காரணம் அப்படியே இருந்தால், ஒரு தடவை தூணில் தெரிந்தது அடுத்த தடவை தரையில் தெரியும்.

தூரத்தில் இருப்பதெல்லாம் கச்சிதம். பக்கத்துத் தூண் மட்டும் ஏன் இரண்டாகத் தெரிகிறது?

கேட்கப்படும் கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகைக்குள் நின்று முற்றத்தை நோக்கிப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டரில் ஒரு தூண், அதற்குப் பின்னால் வெகு தூரத்தில் கோயில் விமானம். ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து மாற்றி மாற்றிப் பார்த்தால் தூண் விமானத்தின் மேல் இடம் மாறுகிறது அல்லவா? பள்ளிக்கூடத்தில் படித்த இடமாறு தோற்றப்பிழை இது. கேமராவைத் திருப்பும்போது லென்ஸும் இடம்பெயர்ந்தால் இதுவேதான் நடக்கிறது. முதல் படத்தில் தூணுக்குப் பின்னால் தெரிந்த கல், அடுத்த படத்தில் மறைந்துவிடுகிறது. இரண்டு படங்களும் இரண்டு வெவ்வேறு காட்சிகள். எப்படி வளைத்தாலும் தூணும் விமானமும் ஒரே நேரத்தில் பொருந்தாது.

எண்ணாகப் பார்த்தால் இதன் கனம் தெரியும். ஃபுல் ஃப்ரேம் கேமரா, 24 மெகாபிக்சல், 24 மி.மீ. லென்ஸ், படத்துக்குப் படம் 30 டிகிரி திருப்பம். கேமராவை ட்ரைபாட்டில் நேரடியாகத் திருகியிருக்கிறீர்கள்; லென்ஸின் சுழல வேண்டிய புள்ளி ட்ரைபாட் அச்சுக்கு 8 செ.மீ. முன்னால் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அந்தப் புள்ளி ஏறக்குறைய 4 செ.மீ. நகர்கிறது. இரண்டு மீட்டரில் உள்ள தூணுக்கும் தொலைவுப் பின்னணிக்கும் இடையே இது 80 பிக்சலுக்கு மேல் விலகலாக வரும். 100 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளுக்கோ இரண்டு பிக்சல்கூட வராது. தூரத்தில் இருப்பது கச்சிதமாக இருப்பதற்கும், பக்கத்தில் இருப்பது உடைவதற்கும் காரணம் இதுதான்.

கையில் பிடித்து, உடம்பைத் திருப்பி எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். கேமரா உங்கள் உடம்பின் அச்சிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால் இரண்டு மீட்டருக்கு 300 பிக்சல் அளவுக்கு விலகும். ஆனால் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலைக்கு ஒரு பிக்சல்கூட வராது. அதனால் தொட்டபெட்டா போன்ற உச்சியிலிருந்து பள்ளத்தாக்கை எடுக்க ட்ரைபாடே தேவையில்லை. முன்னால் இருக்கும் கம்பி வேலி மட்டும் சட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுழல் புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

படக்காரர்கள் நோடல் பாயின்ட் என்று அழைக்கும் புள்ளி அது. லென்ஸை முன்பக்கமிருந்து பார்த்தால் உள்ளே அப்பர்ச்சர் துளை ஓர் ஆழத்தில் இருப்பதுபோல் தெரியும். அந்தத் தோற்ற இடம்தான் நமக்கு வேண்டியது. பெரும்பாலான லென்ஸ்களில் அது சென்சாருக்கு முன்னால், லென்ஸ் குழாய்க்குள் எங்கோ இருக்கும்.

கண்டுபிடிக்க வீட்டு வாசல் போதும். நிலையிலிருந்து ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். கேமராவை அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். நூலுக்கு நேர் பின்னால் தெருவில் ஒரு மின்கம்பம் வரட்டும். கேமராவை வலப்பக்கம் திருப்பி, நூலும் கம்பமும் சட்டத்தின் இடது ஓரத்தில் வரும்படி பாருங்கள். பிறகு இடப்பக்கம் திருப்பி வலது ஓரத்தில் பாருங்கள். லைவ் வியூவைப் பெரிதாக்கினால் நன்றாகத் தெரியும். வலப்பக்கம் திருப்பும்போது நூல் கம்பத்துக்கு இடப்புறமாக விலகினால், அந்தப் புள்ளி அச்சுக்கு முன்னால் நிற்கிறது. கேமராவைப் பின்னுக்குத் தள்ளுங்கள். வலப்புறமாக விலகினால் முன்னுக்குத் தள்ளுங்கள். இரண்டு ஓரத்திலும் நூல் கம்பத்தின் மேலேயே நின்றால் முடிந்தது.

கேமராவை முன்பின் தள்ள ஒரு நோடல் ரெயில் வேண்டும். அதன் மேல் உள்ள மி.மீ. அளவைக் குறித்து வையுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் ஒவ்வொரு ஃபோக்கல் லென்த்துக்கும் (லென்ஸின் மி.மீ. எண்) அளவு மாறும்; நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் இரண்டு மூன்றுக்கு மட்டும் குறித்தால் போதும்.

கோயிலுக்குள் ட்ரைபாட் வைக்க விடமாட்டார்கள். என்ன செய்வது?

தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் ட்ரைபாட்டுக்கு முன்னனுமதி வாங்க வேண்டும். அது இல்லாமலே செய்ய ஒரு நல்ல வழி உண்டு: நூல். நோடல் பாயின்ட் வரும் இடத்தில் லென்ஸைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டு, அதிலிருந்து ஒரு நூலைக் கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி தரைக்குச் சற்று மேலே வரை தொங்கவிடுங்கள். நுனியில் சிறிய கனம். கருங்கல் தளத்தில் நான்கு பலகைக் கற்கள் கூடும் மூலை எங்கேயும் கிடைக்கும். நுனி அந்த மூலைக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள்தான் அந்த மூலையைச் சுற்றி நடக்க வேண்டும். கேமரா இடம் மாறக்கூடாது. எடுப்பதற்கு முன் நூலின் ஆட்டம் நிற்கட்டும்.

இதில் ஒரு செ.மீ. தவறினாலும் இரண்டு மீட்டர்த் தூணுக்கு 20 பிக்சல் விலகல்தான். அதை, இரண்டு படங்கள் சேரும் தையல் கோட்டை நகர்த்தி மறைத்துவிடலாம். வெறுங்கையால் எடுத்த 300 பிக்சலை மறைக்க முடியாது. செலவில்லாத முறை என்பதால் பலர் இதை முயன்றே பார்ப்பதில்லை. அவசியம் முயன்று பாருங்கள்.

ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, திரும்பிப் போக முடியாது. காப்பாற்ற வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. முதலில், எந்தத் தூரம் உங்களுக்கு முக்கியம் என்று முடிவு செய்யுங்கள். விமானம் முக்கியம் என்றால், தூணிலும் தரையிலும் விழுந்த கன்ட்ரோல் பாயின்ட்களை அழித்துவிட்டு, விமானத்திலும் அதே தூரத்தில் உள்ள மதிலிலும் இருப்பவற்றை மட்டும் வைத்துப் பொருத்துங்கள். இப்போது பின்னணி முழுதும் சரியாக வரும். பிழையெல்லாம் தூணில் வந்து சேரும்.

அடுத்து, மாஸ்க்: படத்தின் எந்தப் பகுதி வேண்டும், எது வேண்டாம் என்று வரைந்து காட்டும் எல்லை. தூண் எந்தப் படத்தில் முழுதாக இருக்கிறதோ அதில் அதைச் சேர்க்கும் மாஸ்க் வரையுங்கள். அடுத்த படத்தில் அதே தூணை விலக்கும் மாஸ்க். தையல் கோடு இனி தூணைக் குறுக்கே வெட்டாது, அதன் ஓரமாகவே போகும். தூணின் விளிம்பை ஒட்டி ஒரு சின்ன இடைவெளியோ பின்னணியில் கொஞ்சம் இரட்டிப்போ மிஞ்சினால், ஹூகினிடம் ஒட்டாத தனித்தனிப் படங்களாகவே வெளியே கேட்டு வாங்கி, ஜிம்ப்பிலோ போட்டோஷாப்பிலோ அடுக்கு அடுக்காக வைத்துக் கையால் அழியுங்கள்.

தரையில் நேர்கோட்டு ஓடுகளோ கோலமோ இருந்தால் இந்த வித்தை பலிக்காது. புல், மணல், சரளைக்கல் என்றால் யாருக்கும் தெரியாமல் ஒட்டிவிடலாம்.

"படங்கள் இணையவில்லை" என்று மென்பொருள் சொல்கிறது. ஏன்?

இரண்டு படங்களுக்கும் பொதுவான அடையாளங்கள் கிடைக்கவில்லை. ஒன்று, ஓவர்லாப், அதாவது இரண்டு படத்திலும் வரும் பொதுப் பகுதி, போதவில்லை. மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். மேலே சொன்ன 24 மி.மீ. லென்ஸை நெட்டுவாக்கில் வைத்தால் அகலம் 53 டிகிரி. முழுச் சுற்றுக்கு 12 படம் எடுத்தால் 40 விழுக்காட்டுக்கு மேல் ஓவர்லாப் கிடைக்கும், நிம்மதி.

இன்னொன்று, ஓவர்லாப் இருந்தும் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை: தெளிந்த நீல வானம், வெள்ளையடித்த சுவர், அசையும் கடல். இன்றைய மென்பொருள்கள் அடையாளம் தேடும் முறைக்கு அடிப்படை போட்டவர் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் லோ. 1999-இல் அவர் வெளியிட்ட சிஃப்ட் முறை, மூலை முடுக்கும் வெளிச்ச வேறுபாடும் உள்ள புள்ளிகளைத்தான் பிடிக்கும். வெறும் சுவரில் அதற்கு வேலை இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் நீங்களே இரு படத்திலும் ஒரே ஆணித் தலையையோ சுவர்க் கறையையோ காட்டி நான்கைந்து புள்ளிகள் வைக்கலாம். ஒரே மூலையில் குவிக்காமல், ஓவர்லாப்பின் மேலும் கீழும் பரப்பி வையுங்கள்.

இணைகிறது, ஆனால் ஒரு படம் எங்கோ தலைகீழாகப் போய் நிற்கிறது.

ஒரே மாதிரியான தூண்கள், சன்னல்கள், கிராதிகள் இருக்கும் இடங்களில் மூன்றாவது தூணை ஐந்தாவது தூணோடு மென்பொருள் சேர்த்துவிடும். ஹூகினில் எஃப்3 அழுத்தினால் எல்லாப் புள்ளிகளின் பட்டியலும் திறக்கும். தூரம் என்ற பத்தியைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். மற்றதெல்லாம் இரண்டு மூன்று பிக்சலில் இருக்க, சில மட்டும் நூறு இருநூறு என்று நின்றால் அவைதான் தவறான புள்ளிகள். அழித்துவிட்டு மறுபடி ஆப்டிமைஸ் செய்யுங்கள், அதாவது மிச்சப் புள்ளிகளை வைத்துப் படங்களின் நிலையைக் கணக்கிடச் சொல்லுங்கள்.

மேகத்திலும் அலையிலும் விழுந்த புள்ளிகளையும் அப்படியே எடுத்துவிடுங்கள். அவற்றின் பிழை எண் குறைவாக இருந்தாலும் நம்பக்கூடாது. அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவில் மேகம் நகர்ந்திருக்கும். புள்ளி அந்த மேகத்தைத்தான் துல்லியமாகப் பொருத்தும், கட்டடத்தை அல்ல.

எவ்வளவு பிழை இருக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். ட்ரைபாட்டில் சரியான புள்ளியில் சுழற்றியது என்றால் சராசரி ஒன்றிரண்டு பிக்சலுக்குள் வர வேண்டும். கையில் எடுத்தது என்றால் ஐந்தாறு வரை நான் பொறுத்துக்கொள்வேன். அதே சமயம், அந்த எண்ணைக் குறைப்பதற்காகவே புள்ளிகளை அழித்துக்கொண்டே போகாதீர்கள். புள்ளி ஒவ்வொன்றாகக் குறையக் குறைய எண் அழகாகும், படம் அழகாகாது.

360 டிகிரி சுற்றி எடுத்தேன். கடைசிப் படமும் முதல் படமும் சேரவில்லை.

ஃபோக்கல் லென்த் தப்பாகப் போயிருக்கிறது. லென்ஸின் மேல் 24 என்று எழுதியிருந்தாலும் உண்மை கொஞ்சம் முன்பின் இருக்கும். நம் உதாரணக் கேமராவில் முழுச் சுற்று சுமார் 25,100 பிக்சல். ஒரு விழுக்காடு தவறினால் 250 பிக்சல் இடைவெளி விழும் அல்லது அந்த அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். கடைசிப் படத்துக்கும் முதல் படத்துக்கும் இடையில் கன்ட்ரோல் பாயின்ட்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு ஆப்டிமைசரில் நிலையோடு வியூ (பார்வை அகலம்), பேரல் (லென்ஸின் வளைவுப் பிழை) இரண்டையும் சேர்த்துத் திறந்துவிடுங்கள். சுற்று மூட வேண்டும் என்ற கட்டாயமே உண்மையான ஃபோக்கல் லென்த்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய மேனுவல் லென்ஸ் என்றால் எக்சிஃபில் (படக் கோப்பில் கேமரா எழுதிவைக்கும் விவரம்) ஃபோக்கல் லென்த் பதிவாகியே இருக்காது. அதையும் க்ராப் ஃபேக்டரையும் (சென்சார் அளவைச் சொல்லும் விகிதம்) கையால் கொடுங்கள். படத்துக்குப் படம் ஆட்டோஃபோக்கஸ் ஓடினாலும் இதே தொல்லை வரும். ஃபோக்கஸ் மாறினால் பல லென்ஸ்களில் பார்வை அகலமும் கொஞ்சம் மாறுகிறது. ஒரு தடவை ஃபோக்கஸ் செய்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

கடல் நெளிகிறது. தொடுவானம் பாம்பாக வளைந்திருக்கிறது.

கேமரா மட்டமாக இல்லாமல் சுழன்றிருக்கிறது. ஹூகினின் ஃபாஸ்ட் ப்ரிவியூவில் ஸ்ட்ரெய்ட்டன் அழுத்தினால் பாதிப் பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், கட்டடத்தின் செங்குத்து விளிம்பு ஒன்றை மேலும் கீழுமாகக் குறித்து, அந்தப் புள்ளிக்கு "செங்குத்துக் கோடு" என்று வகை கொடுங்கள். படத்தின் இரு பக்கத்திலும் இப்படி ஒவ்வொன்று இருந்தால் போதும். கடற்கரையில் கட்டடம் இல்லையென்றால் தொடுவானத்தையே கிடைக்கோடாகக் குறிக்கலாம்.

வானத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறுகிறது.

எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ மூன்றையும் மேனுவலில் பூட்டுங்கள். கேனனின் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானின் ஆக்டிவ் டி-லைட்டிங் இரண்டும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத் திருத்தும் வசதிகள், அணைத்துவிடுங்கள். ரா கோப்புகளை மாற்றும்போது ஒரே அமைப்பை எல்லாவற்றுக்கும் ஒட்டுங்கள்.

இத்தனையும் செய்து வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாக நின்றால், லென்ஸின் முன்னால் போலரைசர் ஃபில்டர் போட்டிருக்கிறீர்கள். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளிய வானத்தில்தான் அது வலுவாக வேலை செய்யும். அகலப் படத்தில் அது ஒரு கறையாகவே தெரியும். எந்த மென்பொருளும் இதை முழுதாகச் சரிசெய்யாது. பனோரமாவுக்குக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஓரங்கள் மட்டும் இருண்டு அலை அலையாகத் தெரிந்தால் லென்ஸின் விக்னெட்டிங். ஹூகினின் ஃபோட்டோமெட்ரிக் ஆப்டிமைசர் இதை நன்றாகவே சமாளிக்கும்.

ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்கிறார். இன்னொருவருக்குக் கால் இல்லை.

விலக்கும் மாஸ்க் போடுங்கள். அதற்கு, அவர் நின்ற இடம் இன்னொரு படத்தில் காலியாக இருக்க வேண்டும். கூட்டமான இடத்தில் ஒவ்வொரு திசையிலும் இரண்டு மூன்று படம், ஆட்கள் நகர இடைவெளி விட்டு எடுத்துவைத்தால் பிறகு திண்டாட வேண்டாம்.

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு போன்ற நீளமான புடைப்புச் சிற்பத்தை நடந்துகொண்டே எடுத்தேன். யானைகள் எல்லாம் சிதைகின்றன.

இது வேறு வகைக் கணக்கு. இங்கே கேமரா சுழலவில்லை, நகர்கிறது. தட்டையான சுவரோவியமாக இருந்தால் ஹூகினில் எக்ஸ், ஒய், இசட் நகர்வுகளை ஆப்டிமைஸ் செய்தாலே நேர்த்தியாகச் சேரும். ஒரே தளத்தில் இருப்பதற்கு இடமாறு பிழை கிடையாது. ஆனால் 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள அந்தப் பாறையில் யானைகள் வெகுவாகப் புடைத்து நிற்கின்றன, நடுவில் நாகர்கள் இருக்கும் பிளவு உள்ளே போகிறது. ஆழம் மாற மாறப் படம் விலகும்.

நான் சொல்வது: முடிந்தால் பின்னால் தள்ளி ஒரே இடத்தில் நின்று, நீண்ட லென்ஸால் சுழற்றி எடுங்கள். நடந்துதான் எடுக்க வேண்டுமென்றால் 70 விழுக்காடு ஓவர்லாப் வையுங்கள். கன்ட்ரோல் பாயின்ட்களைப் பாறையின் அடித்தளத்தில் மட்டும் வைத்து, யானை ஒவ்வொன்றும் ஒரே படத்திலிருந்து முழுதாக வரும்படி மாஸ்க் வரையுங்கள். தையல் கோடு உருவங்களுக்கு இடையிலுள்ள வெற்றுப் பாறையில் ஓடட்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். அந்தச் சிற்பத்துக்கு அந்த நேரம் தகும்.

படம் சேர்ந்துவிட்டது, ஆனால் நேரான கட்டடம் வில்லாக வளைகிறது.

பிழை இல்லை, ப்ரொஜெக்ஷன்: சுற்றியுள்ள காட்சியைத் தட்டையான படமாக விரிக்கும் முறை. சிலிண்டரில் கிடைக்கோடுகள் வளையும், செங்குத்து நேராக நிற்கும். ரெக்டிலீனியரில் எல்லாம் நேராக நிற்கும், ஆனால் 100 டிகிரியைத் தாண்டினாலே ஓரங்கள் அசிங்கமாக இழுபடும். நடுவில் பானினி என்று ஒன்று இருக்கிறது. தெருக்களுக்கும் பிராகாரங்களுக்கும் பெரும்பாலும் அதையே பரிந்துரைப்பேன்.

போனில் எடுக்கும் பனோரமாவும் 360 கேமராவும்கூட உடைகின்றனவே?

போனைக் கை நீட்டிப் பிடித்து உடம்பைத் திருப்பினால் அரை மீட்டர் ஆரத்தில் அது சுற்றுகிறது. போன் ஒரே இடத்தில் நிற்க, நீங்கள் அதைச் சுற்றி நகருங்கள். ஐபோன் என்றால் தொடங்குமுன் திரையை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள்.

இன்ஸ்டா360, ரிக்கோ தீட்டா போன்றவற்றில் முதுகோடு முதுகாக இரண்டு மீன்கண் லென்ஸ்கள். இரண்டும் ஒரே புள்ளியில் இருக்க வழியே இல்லை. லென்ஸ்கள் சந்திக்கும் பக்கவாட்டில் ஆட்களை நிறுத்தாமல், லென்ஸுக்கு நேரே நிறுத்துங்கள். லென்ஸ் கார்டு (லென்ஸைக் காக்கும் கண்ணாடி மூடி) மாட்டியிருந்தால் செயலியிலும் அதைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் தையல் கோடு முழுவதும் பிசகும்.

எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் கோப்பைச் சேமிக்க முடியவில்லை.

போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல் வரைதான் ஏற்கும். ஜேபெக் 65,535 வரை. அதைத் தாண்டினால் போட்டோஷாப்பில் பிஎஸ்பி என்ற வடிவத்தில் சேமியுங்கள், 300,000 வரை இடம் உண்டு. இணையத்தில் போடத்தான் என்றால் 16 பிட் டிஃப்பாக ஒன்றை வைத்துக்கொண்டு, சிறிதாக்கிய ஜேபெக்கை ஏற்றுங்கள்.